ஜனாதிபதி பிறந்த வீட்டில்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த பார்சிப்பனியிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் ஒரு சிறிய ஊர் வரும். அதன் பிரதான சாலையில், காப்பிக் கடைகளையும் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளையும் தாண்டி, ஒரு வெள்ளை மர வீடு இருக்கிறது. இந்த நாட்டு ஜனாதிபதிகளில் ஒருவர் அங்கேதான் பிறந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பலருக்கு முகம் நினைவுக்கு வராது. அமெரிக்கர்களே அவரை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் அந்த வீட்டில் நின்று அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததால் எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. வரலாற்றில் எம்.ஏ. படித்து, ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா, நான் ஒருவரைச் சார்ந்தவள், வேலை பார்க்கக் கூடாது என்றது. கணவர் மென்பொருள் இன்ஜினியர். காலையில் அவர் போன பிறகு அந்த அப்பார்ட்மென்ட்டில் எனக்குச் செய்ய எதுவும் இருக்காது. துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நூலகத்தில், அந்த வீட்டைச் சுற்றிக்காட்டத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். கணவரிடம் கேட்டேன்.

"சம்பளம் கிடையாதுல்லா, அப்ப ப்ராப்ளம் இருக்காது. எதுக்கும் லாயர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார்.

லாயரிடம் கேட்காமல் நாங்கள் எதையும் செய்ததில்லை. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் போனேன்.

வீட்டுக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பேச வேண்டியதைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஜனாதிபதியின் அப்பா ஒரு தேவாலயத்தின் போதகர். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. அப்பா சீக்கிரம் இறந்துபோக, பையன் கல்லூரிக்குப் போகும் ஆசையை விட்டுவிட்டு வேலைக்குப் போய் அம்மாவுக்குப் பணம் அனுப்பினான். வளர்ந்து வக்கீலாகி, ஒரு நகரத்துக்கு மேயராகி, கடைசியில் நாட்டுக்கே தலைவரானான். வெகுநாள் பிரம்மச்சாரியாக இருந்து, ஜனாதிபதியான பிறகு வெள்ளை மாளிகையிலேயே ஓர் இளம்பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். முதல் மகள் சின்ன வயதிலேயே காய்ச்சலில் இறந்தாள். இதைச் சொல்லும்போது பெண்கள் முகம் வாடும். கல்யாணத்தைச் சொல்லும்போது சிரிப்பார்கள். பின்கட்டில் ஒரு மரத் தொட்டில் இருந்தது. கடைசியாக எல்லோரையும் அங்கே நிறுத்தி, ஓர் ஏழைப் போதகரின் குழந்தை இந்தத் தொட்டிலில் கிடந்தது, இந்த நாட்டில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்று முடிக்க வேண்டும். முடிப்பேன். சிலர் கைதட்டுவார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மறுபடி நாலு பேர் முன்னால் நின்று வரலாறு சொல்கிறேன் என்பதே போதுமாக இருந்தது. அடுத்த வருடம் கர்ப்பமானேன். கணவர் என் வயிற்றைப் பார்த்து, "ப்ரெசிடென்ட் சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒரு முதியவர் மனைவியோடு வந்தார். கலிபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து பேத்தியைப் பார்க்க நியூ ஜெர்சி வந்தவராம். நான் சொன்னதையெல்லாம் கைகட்டிக் கேட்டார். மற்றவர்கள் கிளம்பியதும் என்னிடம் வந்து, ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட அந்தச் சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதில்லையா என்று கேட்டார். எந்தச் சட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனும் சான் ஹோசே பக்கம் பழத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் கப்பலேறினார். அப்போது புதிதாகச் சீனர்கள் வர அனுமதி இல்லை. ஆனால் ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் போய்த் திரும்பலாம், அதற்கென்று அரசாங்கமே ஒரு சீட்டு கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டுதான் போனார். அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கப்பலேறியபோது அந்தச் சீட்டு செல்லும். சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தபோது செல்லாது. நடுவில் இந்த வீட்டில் பிறந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தது, இறங்க விடவில்லை. வந்த வழியே அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பயந்த தம்பி, அதாவது இவருடைய கொள்ளுத்தாத்தா, அதன் பிறகு சாகும்வரை ஊருக்குப் போகவே இல்லை.

"ஒரு தடவை இந்த வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன்" என்றார். மனைவி அவர் கோட்டைச் சரிசெய்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரலாறு படித்தவள், வரலாற்றுச் சின்னத்தில் நிற்கிறவள், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரம் நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்ட 1888 தேர்தல் வருடம். அதற்கு முன்னால் சீனர்கள்மேல் நடந்த வன்முறையைக் கண்டித்துப் பேசியவர்தான் இந்த ஜனாதிபதி. மேற்குக் கரையின் ஓட்டு வேண்டியிருந்தது, கையெழுத்துப் போட்டார். கப்பல்கள் நடுக்கடலில் இருந்தன. அந்தத் தேர்தலில் அவர் தோற்றும்போனார்.

பொறுப்பாளரிடம் இதைச் சொல்லி, சுற்றிக்காட்டும்போது இரண்டு வாக்கியம் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சட்டம் தெரிந்தே இருந்தது. இது பிறந்த வீடு, இங்கே நாம் குழந்தைப் பருவத்தையும் குடும்பத்தையும் சொல்கிறோம், அரசியலைச் சொல்லத் தலைநகரில் பெரிய அருங்காட்சியகங்கள் இருக்கின்றன என்றார். யாராவது கேட்டால் தாராளமாகப் பதில் சொல்லலாம் என்றார். வெள்ளை மாளிகைக் கல்யாணமும் இந்த வீட்டில் நடக்கவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. கணவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். "நமக்கு எதுக்கு அந்த வம்பு? நாமளே விசால இருக்கோம்" என்றிருந்தார். பேசாமல் வந்துவிட்டேன்.

குளிர்காலத்தில், எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, மாமனார் தூத்துக்குடியில் மாரடைப்பில் இறந்தார். கணவர் ஒரே மகன். ஒரு தங்கை, அவளுக்குக் கல்யாணமாகி அதே ஊரில் இருந்தாள். இவர் வரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

சிக்கல் என்னவென்றால், இங்கே தங்கவும் வேலை பார்க்கவும் அவருக்கு அனுமதி இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா காலாவதியாகியிருந்தது. இங்கேயே இருக்கும்வரை அதனால் ஒன்றுமில்லை. வெளியே போனால், சென்னையில் நேர்காணலுக்குப் போய்ப் புதிதாக ஒட்டி வாங்கினால்தான் திரும்ப வர முடியும். லாயர், முடிந்தால் பயணத்தைத் தவிருங்கள் என்றார். அப்பாவின் அடக்கத்தை எப்படித் தவிர்ப்பது என்று கணவர் அவரிடம் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார்.

"அப்ரூவல் பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு. ரெண்டு வாரம், மூணு வாரம். ஸ்டாம்பிங் முடிச்சிட்டு வந்துருவேன். நீ வெயிட் எதையும் தூக்காத" என்றார். நூவர்க் விமான நிலையத்தில் என்னைக் காரிலிருந்து இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடக்கம் முடிந்தது. நேர்காணலில் அதிகாரி நாலைந்து கேள்வி கேட்டார். எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை வருடம். பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தகவல் வரும் என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார். இவர் மேல் என்ன சந்தேகம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கம்பெனி கொஞ்ச காலம் அங்கிருந்தே வேலை செய்யச் சொன்னது. பிறகு சம்பளமில்லா விடுப்பு என்றது. அவர் தினமும் இணையதளத்தில் தன் எண்ணைப் போட்டுப் பார்ப்பார். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே பதில்தான் வரும். மாமியார் என்னிடம் போனில், "அவன் ஜன்னல் பக்கமே உக்காந்துருக்கான்மா, சாப்பிடவும் மாட்டேங்கான்" என்று அழுவார்.

நான் சனி ஞாயிறுகளில் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. அப்பார்ட்மென்ட்டில் தனியாக இருக்க முடியவில்லை. ஏழாம் மாத வயிற்றோடு, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போதகரையும் விதவைத் தாயையும் பற்றிச் சொல்வேன். பின்கட்டுக்கு வந்ததும் வருகிறவர்கள் தொட்டிலைப் பார்ப்பார்கள், என் வயிற்றைப் பார்ப்பார்கள், யாராவது ஒருவர் அந்த ஜனாதிபதி வேடிக்கையைச் சொல்வார். அது தவறாமல் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னது ஒரு பெண். குழந்தைகளோடு வந்திருந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். உங்கள் வயிற்றுக்குள்ளும் ஒரு ஜனாதிபதி இருக்கலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலைதான் கணவர் போனில், பிரசவத்துக்கு வர முடியாது போலிருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

இருக்கலாம் என்றேன். ஆனால் இதன் அப்பா தன் அப்பாவைப் புதைக்க ஊருக்குப் போனவர் திரும்பி வர முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அனுதாபப்பட்டுப் போயிருப்பார்கள். நான் நிறுத்தவில்லை. இந்தத் தொட்டிலில் கிடந்தவர், அம்மாவைப் பார்க்கப் போனவர்களின் கையிலிருந்த அரசாங்கச் சீட்டை ஒரு கையெழுத்தில் செல்லாததாக்கினார் என்றேன். கப்பல்களைச் சொன்னேன். துறைமுகம் தெரியும் தூரத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அண்ணனைச் சொன்னேன். ஊருக்கே போகாத தம்பியைச் சொன்னேன். தேர்தலையும், அதில் தோற்றதையும் சொன்னேன். கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினேன். அந்தப் பெண் தன் சின்ன மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லோரும் வெளியே போகத் தொடங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் வாசலில் நின்று, இது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

யாரோ மின்னஞ்சலில் புகார் செய்திருந்தார்கள். பொறுப்பாளர் என்னை அழைத்துத் தேநீர் கொடுத்தார். நான் சொன்னதில் தவறு இல்லை என்று முதலிலேயே சொன்னார். பிறகு, குடும்பங்கள் குழந்தைகளோடு வருகிற இடம் இது என்றார். பிறகு, இந்த நிலைமையில் நான் ஓய்வெடுப்பது நல்லது என்றார்.

"குழந்தை பிறந்த பிறகு வரலாமா?" என்று கேட்டேன்.

"அப்போது பார்ப்போம்" என்றார். எழுந்து வந்து என்னை அணைத்துக்கொண்டார். குழந்தைக்கென்று தன் கையால் பின்னிய ஒரு கம்பளிக் குல்லாவையும் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். குல்லாவை வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மகள் பிறந்தபோது எதிர் அப்பார்ட்மென்ட்டில் இருந்த ஆன்ட்டிதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், தன் மகளின் பிரசவத்துக்குப் போலவே லீவு போட்டுவிட்டு வந்தார். கணவர் வீடியோ அழைப்பில் இருந்தார். படம் நடுநடுவே உறைந்து நின்றது. குழந்தை முதல் மூச்சு விட்ட நொடியிலேயே இந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டது. யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

அவளுக்கு ஏழு மாதமானபோது அவருக்கு விசா வந்தது. ஏன் தாமதம் என்றோ, இப்போது ஏன் வந்தது என்றோ ஒரு வரி விளக்கம் கிடையாது. நூவர்க்கில் அவர் வெளியே வந்து கையை நீட்டியதும் குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. கார்வரை அழுதது. அவர் பின்சீட்டில் அவளிடமிருந்து தள்ளி உட்கார்ந்தார்.

"பரவால்ல விடு. அவளுக்கு நான் விசிட்டர்தான" என்றார்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ரேடியோவை வைத்தேன்.

அதன் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. தபால்காரர் வந்தால் எழுந்து நிற்பார். கம்பெனி, அடுத்த ஆள்குறைப்பில் முதலில் அவரைத்தான் அனுப்பியது. வேலை போனவர் நாட்டில் தங்க அரசாங்கம் கொடுத்திருந்த அவகாசம் முடிய சில நாட்களே இருந்தபோது டெக்சஸில் வேறு வேலை கிடைத்தது. காப்பெல்லுக்குக் குடிவந்தோம். வீடு வாங்கினோம். எனக்கும் வேலை பார்க்க அனுமதி கிடைத்து, ஒரு டேகேரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். கிரீன் கார்டுக்கான வரிசையில் எங்கள் முறை எப்போது வரும் என்று அவர் ஒரு காலத்தில் கணக்குப் போடுவார். பிறகு விட்டுவிட்டார். மகள் வளர்ந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அப்பாவோடு சைக்கிள் ஓட்டப் பழகினாள். அவர் ஆபீஸிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஜன்னலுக்குப் போய் நிற்பாள்.

சென்ற வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இருந்தது. இவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த விசா மறுபடியும் காலாவதியாகியிருந்தது. லாயர் வேறு ஆள், பேச்சு அதே பேச்சு.

நான் சொன்னேன்: "போங்க. நாங்களும் வாரோம். வரவிடலேன்னா அங்கேயே இருந்துருவோம். என்ன குறஞ்சு போச்சு?"

அவர் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். "பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கு. அவளுக்கு அங்க ஒண்ணுமே தெரியாது. அவள விட்டுட்டு நான் மட்டும் போயி, இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால முடியாது" என்றார்.

சான் ஹோசேக்காரர் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொன்னபோது, எப்படி ஒருவர் பெற்ற தாயைப் பார்க்காமல் இருந்துவிட்டார் என்று உள்ளுக்குள் அவரைக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்திருந்தேன். இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஒரே மனிதனை அண்ணனாகவும் ஆக்கி, தம்பியாகவும் ஆக்கிவிட்டார்கள்.

மாமியாரே அவரை வர வேண்டாம் என்றார். கோணிய வாயோடு போனில், "வராதய்யா. உங்கப்பாவுக்கு வந்து நீ பட்டது போதும். பிள்ளகிட்ட இரி" என்றார். பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"அம்மா அப்படித்தான் சொல்லும். அதக் கேட்டுக்கிட்டு நீ அங்கேயே இருந்துருவியா?"

அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் போனை வாங்கி ஏதோ விளக்கினேன். விசா, ஸ்டாம்பிங், சரிபார்ப்பு என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரிக் கேட்டது. தினமும் படுக்கைக்கும் பெட்பேனுக்கும் நடுவில் நிற்கிற ஒருத்திக்கு ஸ்டாம்பிங் என்றால் என்ன?

மூன்று மாதம் கழித்து மாமியார் போனார். இந்த முறை ஐஸ் பெட்டியில் வைத்து யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மாலையே அடக்கம். எங்களுக்கு அது விடிந்தும் விடியாத நேரம். அவர் வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் தரையில் உட்கார்ந்து, போனை நாற்காலிமேல் சாய்த்து வைத்துக்கொண்டார். தங்கையின் மகன் அங்கே படம்பிடித்துக் காட்டினான். மாதா கோயிலில் பூசை நடந்தது. பங்குச் சாமியார், வெளிநாட்டில் வாழும் மகன் என்று ஒரு தடவை சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் மறைத்ததால் பெட்டி இறங்கியதை எங்களால் பார்க்க முடியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. முதல் பிடி மண்ணைத் தங்கையின் கணவர் போட்டார். யாரோ ஒருவர் மகன் வரலையா என்று கேட்டதும், அதற்கு இன்னொருவர் அவன் எங்க வருவான் என்று சொன்னதும் தெளிவாகக் கேட்டது. அவரும் கேட்டார். போனை அணைக்கவில்லை. கூட்டம் கலைந்து, பையன் தானாக அணைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் எழுந்து வந்து, எதற்கு வேட்டி கட்டியிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆச்சி சாமிகிட்டப் போயிட்டாங்க என்றார். அவள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். ஆச்சியை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அவர் அழுவதால் அவளும் அழுதாள். ஒன்பது மணிக்கு அவருக்கு மீட்டிங். லீவு சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கீழே வேட்டியோடுதான் பேசினார்.

முப்பதாம் நாள் பூசைக்கு இங்கிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தங்கை ஒரு செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பதில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிடுகிறார். அடித்து ஓய்கிறது. மகளுக்கு நான் தலை வாரி முடிக்கும்வரை இன்னொரு தடவை முயற்சி செய்கிறார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரை வெளியே எடுக்கப் போகிறார். பூசைக்குக் கிளம்புகிறோம்.